18 ஆண்டுக் கோப்புகளைக் கிளவுட் ஆர்க்கைவுக்கு மாற்றுதல்: என் திட்டத்தில் எங்கே பிழை?

பழைய ரேக் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வடிவமைப்புப் பணி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணினிப் பிரிவை நான் கவனித்து வருகிறேன். 18 ஆண்டுகளாகச் சேர்ந்த வரைபடங்கள், ஒப்பந்தங்கள், கணக்குகள், கடிதங்கள் எல்லாம் ஒரே ஃபைல் சர்வரில் இருக்கின்றன. மொத்த அளவு 7 டிபி (டெராபைட்). எண்ணிக்கையில் ஏறத்தாழ 52 லட்சம் கோப்புகள். பல டிஸ்குகளை ஒன்றுசேர்க்கும் ரெய்டு அமைப்பில் உள்ள டிஸ்குகளில் இரண்டை ஏற்கெனவே மாற்றிவிட்டோம், மூன்றாவதும் இப்போது எச்சரிக்கை விளக்கைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. "எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிட்டுச் சர்வரை நிறுத்திவிடுங்கள்" என்று நிர்வாகம் ஒரே வரியில் சொல்லிவிட்டது.

நான் போட்டிருக்கும் திட்டம் இது. கோப்புகளைக் கிளவுடுக்கு நகலெடுக்கும் ஆர்குளோன் என்ற கருவியைக் கொண்டு தினமும் இரவில் சிங்க் செய்து எல்லாவற்றையும் அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3யில் ஒரு பக்கெட்டில் (கோப்புகள் வைக்கும் கொள்கலன்) ஏற்றுவேன். ஐந்தாண்டுக்கு முற்பட்ட கோப்புகள் தாமாகவே அதன் மலிவான, ஆனால் உடனே திறக்க முடியாத கிளேசியர் டீப் ஆர்க்கைவ் வகுப்புக்கு நகரும்படி ஒரு லைஃப்சைக்கிள் விதி (நாள் கணக்கில் இயங்கும் விதி) எழுதுவேன். பாதுகாப்புக்காக வெர்ஷனிங்கையும் (கோப்பு மாறினாலும் பழைய பதிப்பை விட்டுவைக்கும் வசதி) இயக்கிவைப்பேன். ஃபோல்டர் அமைப்பை இப்போது இருப்பதுபோலவே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம், ஏனென்றால் "புதிய ஃபோல்டர் (3)" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் பலர் இப்போது பணியில் இல்லை. இதில் நான் கவனிக்காமல் விட்டது ஏதேனும் இருக்கிறதா?

கிடங்கு

திட்டத்தின் நோக்கம் சரிதான்; ஆனால் நீங்கள் எழுதிய மூன்று வாக்கியங்களிலும் ஒவ்வொரு பொறி இருக்கிறது.

முதலாவது, "ஐந்தாண்டுக்கு முற்பட்ட கோப்புகள்" என்பதை லைஃப்சைக்கிள் விதி அறியாது. அது கணக்கிடுவது அந்த ஆப்ஜெக்ட் (ஏற்றிய கோப்பு) பக்கெட்டில் உருவான நாளிலிருந்துதான். 2009இல் எழுதிய ஒப்பந்தத்தை இன்று ஏற்றினால், எஸ்3யின் பார்வையில் அது இன்று பிறந்த கோப்பு. ஆர்குளோன் பழைய திருத்தத் தேதியை கோப்பைப் பற்றிய குறிப்பாக, அதாவது மெட்டாடேட்டாவாக, கூடவே எழுதிவைக்கும் என்பது உண்மைதான், ஆனால் விதி அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே எது பழையது என்பதை ஏற்றுவதற்கு முன்பே நீங்கள் பிரித்து, பழையதை நேரடியாக ஆர்க்கைவ் வகுப்பிலேயே ஏற்ற வேண்டும்.

இரண்டாவதுதான் பெரிய பொறி: கோப்புகளின் எண்ணிக்கை. டீப் ஆர்க்கைவில் வைக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் 40 கேபி கூடுதலாகக் கணக்கில் ஏறும். அதில் 32 கேபி ஆர்க்கைவ் விலையிலும், பெயர் முதலிய விவரங்களுக்கான 8 கேபி, உடனே திறக்கக்கூடிய வழக்கமான ஸ்டாண்டர்ட் வகுப்பின் விலையிலும் கணக்கிடப்படும். 52 லட்சத்தை 8 கேபியால் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 42 ஜிபி வரும். ஸ்டாண்டர்டுக்கும் டீப் ஆர்க்கைவுக்கும் வாடகை வேறுபாடு இருபது மடங்குக்கு மேல் என்பதால், அந்த 42 ஜிபிக்குத் தரும் வாடகையில் டீப் ஆர்க்கைவில் கிட்டத்தட்ட 1 டிபியை வைத்துக்கொள்ளலாம். இது மாதந்தோறும் வருவது. அதற்கு முன்பே, கோப்புகளை அந்த வகுப்புக்குள் எழுதுவதற்கோ நகர்த்துவதற்கோ ஆப்ஜெக்ட் ஒன்றுக்கு ஒரு கோரிக்கை என்று கட்டணம் உண்டு. 52 லட்சம் கோரிக்கைகளுக்கான கட்டணம் 7 டிபியின் ஓராண்டு வாடகையையே மிஞ்சிவிடும். 128 கேபிக்கும் சிறிய ஆப்ஜெக்டுகளை லைஃப்சைக்கிள் விதி தானாக நகர்த்தாது என்பதை 2024 செப்டம்பரில் இயல்பு நிலையாக மாற்றியதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

எனவே மூட்டை கட்டுங்கள். சிறு கோப்புகளை டார் (பல கோப்புகளை ஒன்றாக அடக்கும் வடிவம்) கோப்புகளாகத் தொகுத்து ஏற்றுங்கள். மூட்டையின் அளவு எவ்வளவு என்று பலரும் கேட்பார்கள்; ஜிபியில் விடை தேடுவதைவிட, "பின்னாளில் ஒருவர் வந்து கேட்டால் ஒரே நேரத்தில் எதைக் கேட்பார்?" என்று பார்ப்பது நல்லது. வடிவமைப்பு நிறுவனத்தில் அது பெரும்பாலும் ஒரு திட்டமாக இருக்கும். கணக்குப் பிரிவில் ஒரு நிதியாண்டாக இருக்கும். ஒரு முழு ஆண்டின் எல்லாப் பிரிவுகளையும் ஒரே 600 ஜிபி மூட்டையாகக் கட்டிவிட்டால், ஒரு குண்டூசிக்காக மொத்த மூட்டையையும் மீட்டெடுத்து, அதற்கான கட்டணத்தையும் தர வேண்டியிருக்கும்.

மூட்டை கட்டினால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஆகவே ஒரு பட்டியல் அவசியம்: கோப்பின் பழைய பாதை, அளவு, திருத்தத் தேதி, எஸ்எச்ஏ-256 மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்), எந்த மூட்டையில் இருக்கிறது என்ற ஐந்து பத்திகள் போதும். இந்தப் பட்டியலை ஒருபோதும் ஆர்க்கைவுக்குள் போடாதீர்கள். உடனே திறக்கக்கூடிய ஸ்டாண்டர்ட் வகுப்பில் ஒரு பிரதியும், கிளவுடுக்கு வெளியே ஒரு பிரதியும் வைத்திருங்கள். டீப் ஆர்க்கைவிலிருந்து ஒரு கோப்பை மீட்க வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரையும், மலிவான பல்க் முறையில் 48 மணி நேரம் வரையும் ஆகும். பட்டியல் இல்லாமல் ஊகித்துத் தேடினால், ஒவ்வொரு தவறான ஊகத்துக்கும் ஒரு நாள் போகும்.

மூன்றாவது, சிங்க். சேருமிடத்தை மூலத்தைப் போலவே ஆக்குவது அதன் வேலை. உங்கள் சர்வரின் ஒரு வால்யூம் (டிஸ்க் பகுதி) மவுன்ட் ஆகாமல், அதாவது இணையாமல், வெறுமையாகத் தெரியும் இரவில் அது ஓடினால், கிளவுடில் இருப்பதையும் துடைத்துவிடும். ஆர்க்கைவ் செய்யும்போது காப்பி கட்டளைதான் ஏற்றது, ஏற்றி முடித்ததும் இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் செக் கட்டளை. வெர்ஷனிங் உங்களைக் காக்கும் என்பது சரி. ஆனால் அது இயங்கும் பக்கெட்டில் ஒன்றை அழித்தாலும் அழிப்புக் குறி ஒன்று வைக்கப்படுமே தவிரப் பழைய வெர்ஷன் அங்கேயே இருந்து வாடகை கேட்டுக்கொண்டிருக்கும். பழைய வெர்ஷன்களை இத்தனை நாளில் நீக்கு என்றும், பாதியில் நின்ற மல்டிபார்ட் (துண்டுதுண்டான) ஏற்றங்களை 7 நாளில் கைவிடு என்றும் இரண்டு விதிகளை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

தராசு

இத்தனை சிரமம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. 7 டிபி என்பது இன்று பெரிய அளவே அல்ல. 12 டிபி கொள்ளும் ஒரே எல்டிஓ-8 டேப்பில் (காந்த நாடாவில்) முழுவதும் அடங்கிவிடும். இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடங்களில் பூட்டிவைத்தால் மாத வாடகையும் இல்லை, மீட்புக் கட்டணமும் இல்லை.

கிடங்கு

டேப்பை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது பிரதியாக அது நன்று. ஆனால் டேப்பை வாங்குபவர், அதைப் படிக்கும் கருவியான டிரைவையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எல்டிஓ-8, எல்டிஓ-9 டிரைவுகள் தமக்கு முந்தைய ஒரே ஒரு தலைமுறையைத்தான் படிக்கும். 15 ஆண்டு கழித்து டேப் நல்ல நிலையில் இருந்தும், அதைப் படிக்கும் டிரைவைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. டேப்பைக் கவனிக்கத் தனி ஆள் இல்லாத நிறுவனத்துக்கு நான் இதை முதல் பிரதியாகப் பரிந்துரைப்பதில்லை.

பதிவேட்டறை

தொழில்நுட்பத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டதால் நான் அதற்கு முந்தைய கேள்விக்கு வருகிறேன். 7 டிபியையும் வைத்திருக்க வேண்டும் என்று யார் தீர்மானித்தார்கள்?

ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை அந்தந்த நாட்டு வரிச் சட்டமும் தொழிற்சட்டமும் ஒப்பந்தங்களும் வகைவாரியாகச் சொல்கின்றன. அந்தக் காலம் முடிந்த பிறகும் வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் சுமைதான். வேலைக்கு விண்ணப்பித்துத் தேர்வாகாதவர்களின் அடையாளச் சான்றுகள், பணியிலிருந்து விலகியவர்களின் மருத்துவச் சீட்டுகள் போன்றவை உங்கள் சர்வரில் எங்கோ ஒரு ஃபோல்டரில் நிச்சயம் இருக்கும். அவை கசிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நிறுவனத்தார். அவற்றை ஆர்க்கைவ் செய்வதால் ஒரு பயனும் இல்லை. எனவே கணக்குப் பிரிவு, மனிதவளம், சட்டப் பிரிவு, வடிவமைப்பு ஆகிய நான்கிலும் ஒவ்வொரு பொறுப்பாளரை அமர்த்தி, வகை, வைத்திருக்க வேண்டிய ஆண்டு, காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, அழிக்க அனுமதி தருபவர் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். "எந்த நாளிலிருந்து" என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் அது கையெழுத்தான நாள் அல்ல, முடிந்த நாள். வழக்கோ தணிக்கையோ நடந்துகொண்டிருக்கும் ஆவணங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவற்றைத் தனியே நிறுத்திவைக்க வேண்டும்.

மூட்டை கட்டும்போதும் இது உதவும். 7 ஆண்டில் அழிக்க வேண்டியதையும் நிரந்தரமாக வைக்க வேண்டியதையும் ஒரே டாருக்குள் போட்டுவிட்டால், பிறகு எதையும் அழிக்க முடியாது.

குறித்த காலம்வரை அழிக்க முடியாமல் பூட்டும் ஆப்ஜெக்ட் லாக் பற்றியும் ஒரு சொல், ஏனென்றால் அடுத்து யாராவது அதைப் பரிந்துரைப்பார்கள். கவர்னன்ஸ் முறையில் பூட்டினால் தனி அனுமதி பெற்றவர் திறக்கலாம். கம்ப்ளையன்ஸ் முறையில் பூட்டினால் காலம் முடியும்வரை கணக்கின் உச்ச உரிமை உள்ள ரூட் பயனர்கூட அழிக்க முடியாது. நான் முன்பு பணிசெய்த இடத்தில் சோதனைக்காக ஏற்றிய 2 டிபிக்கு 365 நாள் என்று இடுவதற்குப் பதிலாக 3650 என்று ஒருவர் இட்டுவிட்டார். முறையோ கம்ப்ளையன்ஸ். அந்தக் கிளவுட் கணக்கையே மூடினால் ஒழிய வேறு வழியில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். ஒரு பூஜ்யத்துக்காக இன்றும் அங்கே வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதல் ஆறு மாதம் கவர்னன்ஸ் முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய ரேக்

மிக்க நன்றி. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு சர்வரை அளந்து பார்த்தேன். எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்எச்ஏ-256 எடுத்ததில், எண்ணிக்கையில் பாதிக்கு மேல் நகல்கள் என்று தெரிந்தது. ஒரே வரைபடத் தொகுப்பு "ஃபைனல்", "ஃபைனல் புதியது", "இதுதான் கடைசி" என்ற மூன்று ஃபோல்டர்களில் பைட் மாறாமல் அப்படியே இருக்கிறது. நகல்களையும் தற்காலிகக் கோப்புகளையும் தள்ளினால் 4.1 டிபியும் 23 லட்சம் கோப்புகளும் மிஞ்சுகின்றன. நகல்களை அழித்துவிட்டாலும், எந்தெந்தப் பாதைகளில் அவை இருந்தன என்பதைப் பட்டியலில் விட்டுவைத்திருக்கிறேன், ஏனென்றால் கேட்க வருபவர் தம் நினைவில் உள்ள பாதையைச் சொல்லித்தான் கேட்பார்.

புதிதாக ஒரு சிக்கல். 2010க்கு முற்பட்ட தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத் தெரிகின்றன. சில கோப்புப் பெயர்கள் பட்டியலில் இருந்தும் தேடினால் அகப்படவில்லை.

எழுத்துரு

கடிதங்கள் கெட்டுப்போகவில்லை, அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினி, திஸ்கி, டாம், டாப் என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய எண்கள்தாம். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் மட்டுமே அவை தமிழாகத் தெரியும். சர்வரோடு சேர்ந்து பழைய கணினிகளையும் அப்புறப்படுத்தப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் அவற்றில் நிறுவப்பட்டிருக்கும் எழுத்துருக் கோப்புகளை எடுத்து, அந்தந்த மூட்டைக்குள்ளேயே வையுங்கள். முக்கியமான கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி எடுங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம், ஏனென்றால் மாற்றிகள் சில கூட்டெழுத்துகளில் பிசகும். படித்துப் பார்க்க மட்டும் வேண்டியவற்றை, பழைய கணினி இயங்கும்போதே பிடிஎஃப்/ஏ என்ற நெடுங்காலப் பாதுகாப்புக்கான வடிவத்தில் எடுத்துவிடுவது இன்னும் பாதுகாப்பு. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் தேடலுக்கு அது உதவாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

கோப்புப் பெயர் அகப்படாததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பைட்டுகள் வேறு. பக்கெட்டுக்குத் தெரிவது பைட்டுகள் மட்டுமே என்பதால், "கொள்முதல்" என்ற பெயரில் இரண்டு தனித்தனி ஆப்ஜெக்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பழைய மேக் கணினிகளில் இருந்து வந்த கோப்புகளில் இரண்டாம் வகையைப் பார்த்திருக்கிறேன். பட்டியலை உருவாக்கும்போதே பெயர்களை என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே குறியீடாக எழுதும் முறை) இயல்பாக்கி ஒரு பத்தியில் சேர்த்துவிட்டால் தேடல் சரியாகிவிடும்.

இன்னொன்று: எஸ்3யில் ஒரு ஆப்ஜெக்டின் பெயர், பாதையோடு சேர்த்து, 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் 341 குறியீடுகளிலேயே எல்லை வந்துவிடும். ஆழமான தமிழ் ஃபோல்டர்களுக்கு இது அதிகமில்லை. டாருக்குள் இருப்பவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

பதிவேட்டறை

கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ் கோப்பை அப்படியே ஏற்றுபவர்களுக்கும் இதே கதைதான் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். மென்பொருளின் உரிமம் முடிந்த பிறகு அந்தக் கோப்பு யாருக்கும் பேசாது. மென்பொருள் திறக்கும் நிலையில் இருக்கும்போதே அட்டவணைகளை சிஎஸ்வியாகவும் (எதிலும் திறக்கும் எளிய உரை அட்டவணை), பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு போன்ற அறிக்கைகளைப் பிடிஎஃப்/ஏ ஆகவும் எடுத்து, ஒவ்வொரு பத்தியின் பெயருக்கும் என்ன பொருள் என்று ஒரு பக்கம் எழுதி உடன் வையுங்கள்.

மீட்பு

தாமதமாக வருகிறேன். ஏற்றுவது பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். இறக்கிப் பார்த்தீர்களா என்று மட்டும் நான் கேட்கிறேன்.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பை எடுக்கப் போனபோதுதான், டேட்டாபேஸின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய பதிப்புக் கருவி ஓடிக்கொண்டிருந்ததால் பேக்கப் உருவாகவே இல்லை என்பதும், அது தோல்வியடைந்ததை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டு வந்தன என்பதும் தெரியவந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) இருந்ததால் பெரும்பகுதி தப்பியது. அந்நிறுவனம் இதை மறைக்காமல் தானே விரிவாக வெளியிட்டது. பேக்கப்பில் கவனம் உள்ளவர்களுக்கே இது நேர்ந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பழைய சர்வரை அணைப்பதற்கு முன் ஐந்தாறு மூட்டைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, இந்தப் பணியில் சம்பந்தப்படாத ஒருவரிடம் பட்டியலை மட்டும் கொடுத்து, வேறொரு கணினியில் மீட்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று உங்களிடம் கேள்வி கேட்கிறாரோ, அங்கே ஆவணக் குறிப்பில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். ஒருமைப்பாட்டைச் சோதிக்க எஸ்3 தரும் ஈடேக் மதிப்பை நம்ப வேண்டாம்; மல்டிபார்ட்டாக ஏறிய பெரிய கோப்புக்கு அது முழுக் கோப்பின் எம்டி5 (எஸ்எச்ஏ-256 போன்ற இன்னொரு கைரேகை) மதிப்பு அல்ல. உங்கள் பட்டியலில் உள்ள எஸ்எச்ஏ-256ஐ மீட்ட கோப்பில் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் நீங்களே என்கிரிப்ட் (மறையாக்கம்) செய்கிறீர்கள் என்றால் சாவி எங்கே இருக்கிறது? ஒரு நிறுவனத்தில் அந்தச் சாவி, அணைக்கப்பட இருந்த அதே சர்வரின் ஒரு ஃபோல்டரில் இருந்ததை நான் நேரில் பார்த்தேன். டேட்டா மூட்டைக்குள்ளே மிக ஒழுங்காக இருந்தது, திறக்கத்தான் வழியில்லாமல் போயிருக்கும். கிளவுட் கணக்கின் ரூட் மின்னஞ்சல் தனி நபருடையதாக இருக்கக் கூடாது. பணம் கட்டும் அட்டை காலாவதியாகும் மாதத்தைக் கணக்குப் பிரிவின் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பத்தாண்டு வைத்திருக்க வேண்டிய ஒன்றுக்கு டிஸ்க் கெடுவதைவிட அறிவிப்பு மின்னஞ்சலைப் படிக்க யாரும் இல்லாமல் போவதுதான் பெரிய ஆபத்து என்பது என் கருத்து.

பழைய ரேக்

முடிந்தவரை எல்லாவற்றையும் செய்துவிட்டு எழுதுகிறேன். நான்கு பிரிவுகளில் மூன்று கையொப்பமிட்டுவிட்டன; சட்டப் பிரிவு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது என்பதால் ஒப்பந்த ஃபோல்டர்களை ஆர்க்கைவுக்கு அனுப்பாமல் ஸ்டாண்டர்டிலேயே வைத்திருக்கிறேன். மனிதவளப் பிரிவு 190 ஜிபியை அழிக்க எழுத்தில் அனுமதி தந்தது. மிஞ்சியவை 2,860 மூட்டைகளாக ஏறியுள்ளன. எங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ்; முழு வேகத்தில் 1 டிபிக்கே 22 மணி நேரம் ஆகும் என்பதாலும், பகலில் மற்றவர்கள் வேலை செய்ய வேண்டியிருந்ததாலும் இரவுகளில் மட்டும் ஏற்றி 11 நாளில் முடித்தேன்.

சோதனைக்குக் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்து, 2011ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்றின் அடித்தள வரைபடத்தைக் கேட்டேன். மூன்று நிமிடத்தில் மூட்டை எண்ணைச் சொல்லிவிட்டார். மாலையில் மீட்புக் கோரிக்கை இட்டோம், மறுநாள் காலை கோப்பு தயாராக இருந்தது, வரைபடமும் திறந்தது. ஆனால் அவர் முதலில் நின்ற இடம், மீட்டெடுத்த டாரை எங்கே விரிப்பது என்பது. அதை நான் எங்கும் எழுதியிருக்கவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

ஆறு மூட்டைகளில் ஐந்து சரியாகப் பொருந்தின. ஆறாவதில் மூன்று கோப்புகளின் எஸ்எச்ஏ-256 மதிப்பு பட்டியலோடு ஒத்துவரவில்லை. பட்டியல் எடுத்த நாளுக்கும் மூட்டை கட்டிய இரவுக்கும் இடையில் அவை மாறியிருக்கின்றன, திருத்தத் தேதி மட்டும் மாறவில்லை. மூன்றும் எச்சரிக்கை விளக்கு எரியும் டிஸ்க் உள்ள அதே தொகுப்பில் இருந்தவை என்பதால் டிஸ்கையே சந்தேகிக்கிறேன். அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்த 410 மூட்டைகளையும் இறக்கி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அது முடியும்வரை சர்வரை அணைக்காமல், எழுதும் உரிமையை மட்டும் எல்லோரிடமிருந்தும் நீக்கிவைத்திருக்கிறேன்.